ஏழாம் எண் ஃபிளாட்டின் தொண்ணூறு ஆண்டுகள்

2010ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி, புதன்கிழமை. இங்கிலாந்தின் வொர்திங் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த ஏழாம் எண் ஃபிளாட்டின் குத்தகையில் அன்று காலை எண்பது ஆண்டுகளும் ஒரு நாளும் மிஞ்சியிருந்தன. அங்கே ஃபிளாட் வாங்குவதென்றால் நெடுங்காலக் குத்தகை ஒன்றை வாங்குவதுதான்; காலம் முடிந்தால் வீடு நில உரிமையாளருக்கே போய்விடும். குத்தகைதாரர் வில்ஃப்ரெட் பெல்லிங், வயது எழுபத்தாறு. பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போய், ஐந்து வாரங்களாக மருத்துவமனையில் கிடந்தார்.

குத்தகையை இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் நீட்டக் கேட்கும் நோட்டீஸ் அன்று மாலை ஐந்து மணிக்குள் பிரைட்டனில் நில உரிமையாளரின் அலுவலகத்தைச் சேர வேண்டும். சேர்ந்தால் எட்டாயிரம் பவுண்டுக்குள் காரியம் முடியும். ஒரு நாள் தவறினால், மிச்சம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இல்லாமல் போய், சட்டப்படி நில உரிமையாளருக்குக் கூடுதல் பங்கு சேர்ந்து, பதினைந்தாயிரம் ஆகிவிடும். அவருடைய மனைவி டோரினிடம் இருந்தது ஒன்பதாயிரம். ஃபிளாட்டை வாங்க முன்வந்த ஒரே தம்பதி, நீட்டாத குத்தகை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தனர். அது விற்காவிட்டால் தரைத்தளத்தில் வேறு வீடு வாங்க வழியில்லை. வில்ஃப்ரெட் சாகும்வரை காப்பகத்தில்தான் இருக்க வேண்டும்.

மதியம் ஒன்றரை மணிக்கு, வார்டு நடையில், டோரின் வக்கீல் ஆக்கெண்டனை மடக்கினாள்.

“பேங்க்ல என் கையெழுத்து செல்லுது. கரண்ட் ஆபீஸ்ல செல்லுது. இதுக்கு மட்டும் ஏன் செல்லாது?”

“சட்டத்துல அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க, மிஸஸ் பெல்லிங். இதுக்கு அதிகாரப் பத்திரம் உதவாது. குத்தகைக்காரர் தன் கையாலேயே போடணும். இடது கையால ஒரு கோடு போட்டாலும் போதும். ஆனா புரிஞ்சு போடணும்.”

“நாப்பது வருஷமா கிறிஸ்துமஸ் கார்டுல எல்லாம் அவர் பேர நான்தான் எழுதறேன். அவங்க அம்மாவே கண்டுபிடிச்சதில்ல. நீங்க கொஞ்சம் அந்த ஜன்னலப் பாத்துக்கிட்டு நில்லுங்க.”

“இந்தத் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து நான் ஜன்னலப் பாக்கறதில்லீங்க.”

ஆக்கெண்டன் அவளை வெளியே நிறுத்திவிட்டுப் படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்து மூடினார். வில்ஃப்ரெட் இடது கையால் ஒரு முறை அழுத்தினால் ஆம், இரு முறை அழுத்தினால் இல்லை என்பது வார்டில் ஏற்கெனவே இருந்த ஏற்பாடு. பத்து நிமிடம் கழித்து வக்கீல் வெளியே வந்தார்.

“குத்தகைய நீட்டலாமான்னு மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் ரெண்டு அழுத்து.”

“அவருக்குப் புரியலையோ என்னவோ.”

“நல்லாவே புரிஞ்சிருக்கு. அதான் தொல்லை. மூணேகாலுக்கு நான் கிளம்பணும்.”

டோரினுக்குக் காரணம் தெரியும். குத்தகைப் பேச்சை எடுத்த ஒவ்வோர் ஆண்டும் வில்ஃப்ரெட் ஒரே பதிலைத்தான் சொல்வார்: “எனக்கெதுக்குடி இன்னொரு தொண்ணூறு வருஷம்? நூத்தி அறுபது வயசு வரைக்கும் உன் பட்டாணி மசியலத் தின்னவா?” அவளும் சிரித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிடுவாள். இப்போதும் அவர் தமக்காகத்தான் வேண்டாம் என்கிறார். ஃபிளாட்டை விற்கப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தினமும் அவர் தலையைக் கோதி, “ஈஸ்டருக்கு நம்ம வீட்டுக்குப் போயிடலாம்” என்று சொல்லி வந்தவள் அவள்தான். ஈஸ்டருக்குப் பதினோரு நாள் இருந்தது.

உள்ளே போய்ப் படுக்கை ஓரம் உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்தாள்.

“வில்ஃப், நான் உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன். நீ அந்த வீட்டுக்கு வரப் போறதில்ல. ஈஸ்டருக்கும் இல்ல, எப்பவுமே இல்ல. அம்பத்தி நாலு படி. இனிமே உன்னால ஆகாதுன்னு போன வாரமே சொல்லிட்டாங்க. எனக்குத்தான் வாய் வரல.”

அவர் கையை உருவிக்கொண்டார்.

“இந்தத் தொண்ணூறு வருஷம் உனக்கில்ல, வாங்கப் போறவங்களுக்கு. அத வித்தாத்தான் கீழ்த்தளத்துல ஒரு எடம் பாக்க முடியும். இல்லேன்னா உன்ன எங்கயோ கொண்டு விட்டுட்டு, நான் அந்த மூணாம் மாடியில ஒத்தையா உக்காந்திருக்கணும். என்னால அது முடியாது. முறைச்சுக்கோ, எவ்வளவு வேணா முறைச்சுக்கோ. மூணேகாலுக்கு அப்புறம் வெச்சுக்கோ.”

வில்ஃப்ரெட்டின் தொண்டையிலிருந்து ஓர் ஒலி எழுந்தது. அது திட்டா அழுகையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. கையெழுத்து அவருடைய சொந்த விருப்பத்தில் விழ வேண்டும் என்பதால் அவள் மீண்டும் வெளியே செல்ல வேண்டியிருந்தது. திரைக்கு இப்பால், மேலங்கியின் பொத்தானைத் திருகியபடி நின்றாள். உள்ளே ஆக்கெண்டன் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். பிறகு, காகிதம் கிழியும் சத்தம். அவள் திரையை விலக்கக் கையை நீட்டினாள்.

“பேனா குத்திக் கிழிஞ்சிடுச்சு,” என்றார் ஆக்கெண்டன், திரைக்குள்ளிருந்தே. “இன்னொரு நகல் இருக்கு. சிஸ்டர், நீங்க சாட்சிக்குக் கொஞ்சம் இப்படி வாங்க.”

மூன்று பதினெட்டுக்கு ஆக்கெண்டன் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடையில் ஓடினார். டோரின் உள்ளே போனாள். வில்ஃப்ரெட் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அன்று பார்வை நேரம் முடியும்வரை அவர் திரும்பவேயில்லை.

நோட்டீஸ் நான்கு நாற்பதுக்குப் பிரைட்டனில் கையளிக்கப்பட்டது. அதிலிருந்த கோணல் கோடு கையெழுத்தாகாது என்று நில உரிமையாளரின் வக்கீல்கள் ஆட்சேபித்தனர்; ஜூன் 9ஆம் தேதி அந்த ஆட்சேபத்தைக் கைவிட்டனர். குத்தகையைத் தொண்ணூறு ஆண்டுகள் நீட்டுவதென்றும், அதற்கு ஏழாயிரத்து எண்ணூறு பவுண்டு கொடுப்பதென்றும், ஆண்டுதோறும் கட்டி வந்த நிலவாடகை இனி இல்லையென்றும் முடிவாயிற்று. ஃபிளாட் அக்டோபரில் விற்கப்பட்டது. ஏப்ரலிலிருந்து காப்பகத்தில் இருந்த வில்ஃப்ரெட், நவம்பர் 15ஆம் தேதி லேன்சிங்கில் தரைத்தளத்தில் வாங்கிய இரண்டு அறை வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்.