எதிர்ப்பக்கத்து விளிம்பு

பழைய இரும்புக் கடையின் பின்பக்கத்தில், கம்பிச் சுருள்களுக்கு அடியில் கிடந்த, இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லைப் பார்த்ததுமே அண்ணன் இரண்டடி பின்வாங்கினான். கல்லின் ஒரு முனையில் நீண்டிருக்கும் கொம்புக்கு அடியில் அப்பா பொறித்த பிறைக் குறி. அவர் அடித்த அரிவாள் ஒவ்வொன்றிலும் இருக்கும் அதே குறி. எங்கேயோ விற்றுத் தொலைத்த கல், இங்கேயா வந்து கிடக்க வேண்டும்!

"இது வேணாம், வேற பாக்கலாம்" என்றான்.

"ஏன், உன் ரெண்டு கண்ணுக்கும் பிடிக்கலையா? இரு, என் ஒத்தக் கண்ணால பாத்துச் சொல்றேன்" என்று தங்கை சிரித்தாள். போன கண்ணை வைத்து அவள் அடிக்கும் கேலிக்கு ஊரே சிரிக்கும். அவன் மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை.

பட்டறையில் இருந்த கல் அடிவரை விரிசல் விட்டுவிட்டது. இன்றைக்கு ஒன்று வாங்கியே தீரவேண்டும். அவள் பையிலிருந்து பேரிங் குண்டை எடுத்துக் கல்லின் முகத்தில் போட்டாள். போட்ட உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவாக எழும்பியது. சுத்தியால் தட்டினாள், கணீரென்றது.

"அடேயப்பா! உருப்படியான கல்லு."

பத்து வருஷத்துக்கு முன் அப்பாவும் அண்ணனும் இந்தக் கல்லில் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் கல்லின் விளிம்பிலிருந்து ஒரு சில்லு தெறித்து, கரி அள்ள வந்தவளின் கண்ணில் பாய்ந்தது. "என் சுத்திதான் தவறிடுச்சு" என்றார் அப்பா. மறுநாளே கல்லை விற்றார். உண்மையில் தவறியது அண்ணனின் சம்மட்டி. இருபது வயதுத் தடியன், வாயை மூடிக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து அவள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சாகக் கிடந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே மூன்று வேளையும் சோறு தின்றானே, அவனை என்னவென்று சொல்ல!

துருவைத் துடைத்தபடி அவள் விரலை ஓட்டினாள். கொம்புக்கு அடியில் விரல் நின்றது. பிறகு விளிம்பில், நகம் புதைகிற அளவு உடைந்த இடத்தில் நின்றது.

"நம்ம கல்லு" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

கொம்பு தன் இடப்பக்கம் வரும்படி, அப்பா நிற்கிற இடத்தில் போய் நின்று சுத்தியை ஓங்கிப் பார்த்தாள். உடைப்பு எதிர்ப்பக்கத்து விளிம்பில் இருந்தது. சம்மட்டி அடிக்கிறவன் நிற்கும் பக்கம். இப்போதும் அங்கேதான் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"கைச்சுத்தி அந்த விளிம்புக்கு எப்படிப் போகும்?"

அவன் அந்த விளிம்பை விட்டு ஒரு அடி விலகினான்.

"நீதானே?"

"அப்பாதான் சொல்லாதேன்னாரு. ரெண்டு பேரும் ஒரே பட்டறையில பொழைக்கணும், அவ என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்னு..."

அவள் சுத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரு சாகிற அன்னிக்கு என் கதவத் தட்டி மூணு தரம் கூப்பிட்டியே. ஒரு தரம் வந்து முகத்தக் காட்டுன்னு அழுதியே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே, அண்ணா. ஓடி வந்திருப்பேனே!"

கடைக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். "என்னம்மா, வண்டியில ஏத்திடவா?"

"ஏத்துங்க. எங்கப்பா கல்லு."

பழக்கதோஷத்தில் கை கொடுக்க அண்ணனும் குனிந்தான்.

"நீ தொடாதே" என்றாள்.