ஆறு மீட்டர் புருல்

மெதெர்பெக் காலணிச் சேற்றை வாசலிலேயே தட்டிவிட்டு பிளக்ஸ் கடைக்குள் வந்து பேனர் அளவைச் சொன்னான். ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம். குழந்தைக்கு நாற்பதாம் நாள் விருந்து, சனிக்கிழமை. அவன் மனைவி கெஞ்சேகான் குழந்தையோடு பின்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்ன குழந்தை?" கணினி முன்னால் இருந்த புருல் கேட்டாள்.

"பொண்ணு. அஞ்சாவது."

"பேரு?"

"புருல்."

அவள் கை விசைப்பலகையில் நின்றது. புருல் என்றால் அவர்கள் மொழியில் திரும்பு. பெண்ணாகவே பிறக்கிற வீட்டில், அடுத்ததாவது பையனாகத் திரும்பட்டும் என்று வைக்கிற பெயர். தலாஸ் ஊரில் அதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை.

"என் பேரும் அதுதாண்ணே."

"அப்படியா. உனக்கப்புறம் தம்பி பொறந்தானா?"

"மூணு தங்கச்சி."

கெஞ்சேகான் இருமினாள். சிரிப்பாகவும் இருக்கலாம்.

மெதெர்பெக் தொண்டையைச் செருமினான். "மேல எங்கப்பா பேரு. பெருசா, தங்கத்துல. கீழ புள்ள பேரு. சின்னதா, ரோஸ்ல."

போட்டோஷாப்பில் எழுத்து ஸ்டைல்கள் நான்கு இருந்தன. கல்யாணம், அறுபது, மகன், மகள். கடைக்காரர் எர்கின் ஆறு வருடத்துக்கு முன்பு சேமித்து வைத்தவை. மகன் தடித்த தங்கம். எழுத்து புடைத்து நிற்கும், விளிம்பில் ஒளி ஓடும். மகள் வெளிர் ரோஸ். மெல்லிய அவுட்லைன், லேசான நிழல். கைபேசி அழைப்பிதழுக்காகச் செய்தது. ஆறு மீட்டர் பிளக்ஸில் அந்த அவுட்லைன் காணாமல் போய்விடும். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றால் அங்கே ஒரு பெயர் இருப்பதே தெரியாது. இதுவரை யாரும் வந்து குறை சொன்னதில்லை.

புருல் பெயரை அடித்தாள். மகளைப் போட்டுப் பார்த்தாள். எடுத்தாள். மகனைப் போட்டாள். அதுவும் போதவில்லை. புடைப்பின் ஆழத்தைக் கூட்டினாள். அவுட்லைனை மூன்றிலிருந்து நாற்பதாக்கி அடர்சிவப்பு கொடுத்தாள். நிழலைத் தள்ளிப் போட்டாள். பிறகு எழுத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்தாள். தாத்தா கீழே ஒரு வரியானார்.

மெதெர்பெக் திரையை நோக்கிக் குனிந்தான்.

"என்ன இது?"

"பேரு."

"தங்கம் பையனுக்குப் போடுறதும்மா."

"யாரு சொன்னா?"

"உன் கடைதான் சொல்லுது. அங்க மகன்னு எழுதியிருக்கே."

உள்ளறையிலிருந்து எர்கின் எதையோ மென்றபடி வந்தார். "கேட்டதப் போடு புருல். தகராறு வேணாம்."

"நான் போட மாட்டேண்ணே. நீங்க வேணா உக்காருங்க."

அவள் எழுந்துகொண்டாள். எர்கின் உட்காரவில்லை.

"வேல வேணுமா, வேணாமா உனக்கு?"

"வேணும். இத மட்டும் போட மாட்டேன்."

"ஒரு பேருக்கு இவ்வளவு கூத்தா," என்றான் மெதெர்பெக். "பக்கத்துக் கடையில போட்டுக்கறேன்."

"போட்டுக்கங்க. அங்கயும் எர்கின் அண்ணன் குடுத்த ஸ்டைலுதான். ரோட்டுல நின்னா தெரியாது."

"தெரியாட்டி என்ன?"

கெஞ்சேகான் எழுந்து வந்து குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கத்தான் வேண்டியிருந்தது. அவள் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"பேரு வைக்கும்போது என்னை யாரும் கேக்கல. இத நான் சொல்றேன். இதையே அடிங்க. இல்லாட்டி சனிக்கிழம உங்கப்பாவே வந்து தொட்டில ஆட்டட்டும். நான் வரல."

"கெஞ்சே, ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். படிச்சுட்டுத்தான சிரிக்கணும்."

குழந்தை அழத் தொடங்கியது. மெதெர்பெக் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தான். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. எர்கின் அச்சு இயந்திரத்தில் மை இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

பிளக்ஸ் முழுதாக வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் புருல் அந்த ஸ்டைலைச் சேமித்தாள். கணினி அதற்குப் பெயர் கேட்டது. கொடுத்தாள். பட்டியலிலிருந்து மகனையும் மகளையும் நீக்கினாள்.

திங்கட்கிழமை ஒருவர் வந்தார். முதல் குழந்தை, பையன். அன்று எர்கினே உட்கார்ந்தார். பட்டியலை மேலும் கீழும் ஓட்டினார்.

"மகன் எங்க?"

"மூணாவது பாருங்க."

"புருல்னு இருக்கு."

"அதுதாண்ணே."

"பேரையாவது மாத்தித் தொல."

"மாத்த மாட்டேன்."

வந்தவர் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார். ஓரத்தில் சின்ன மாதிரிக் கட்டம், சிவப்பு விளிம்போடு தங்கமாக இருந்தது.

"நல்லாத்தான இருக்கு. அதையே போடுங்க. என்ன தகராறு?"

எர்கின் பையனின் பெயரை அடித்தார். புருலை அழுத்தினார்.