ஐந்து நொடி இடைவெளி

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ராமிரோ எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் என் பெயரைச் சொல்வதற்காகக் காத்திருக்கிறார்.

ராமிரோ நான் கேட்கும் ஸ்பானிஷ் பாட்காஸ்டின் குரல். காய் நறுக்கிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே தொண்ணூறு நாளில் ஸ்பானிஷ் பேசலாம் என்று அதில் சொல்வார்கள். நான் கணபதியிலிருந்து காந்திபுரம் போகும் பஸ்ஸில் கேட்டேன். முதல் பாடத்தில் அவர் "கோமோ தே யாமாஸ்?" என்பார். உன் பெயர் என்ன என்று அர்த்தம். "மே யாமோ", அதாவது என் பெயர், என்று தொடங்கிப் பதில் சொல்ல ஐந்து நொடி இடைவெளி விடுவார். பிறகு "முய் பியென்" என்பார். அருமை என்று அர்த்தம்.

நான் பதில் சொன்னதில்லை. ஐம்பது பேர் இருக்கும் பஸ்ஸில் ஒரு பெண் தன் பெயரைத் தனக்கே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தலையாட்டினேன். எல்லா இடத்திலும் அப்படித்தான். நான் வேலை பார்க்கும் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று மேலாளர் கேட்டாலும் தலையாட்டுவேன். அவர் அதை ஆமாம் என்று எழுதிக்கொள்வார். என் தலையாட்டலுக்கு அருமை என்று சொன்ன ஒரே மனிதர் ராமிரோதான். அதனால் முதல் பாடத்தையே நாற்பது நாள் கேட்டேன்.

அங்கேதான் சிக்கல். நாற்பது முய் பியென்களுக்கும் ஆதாரம் கேட்டு இடைவெளி அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்துவிட்டது. பதிலே வராதபோது எதை வைத்துப் பாராட்டினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். வேலை போய்விடும் நிலைமை. நேரிலேயே வந்துவிட்டார்.

குரலை வைத்து நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கேள்வியைக் கேட்டார். இடைவெளி விட்டார். நான் தலையாட்டினேன். இடைவெளி அப்படியே நின்றுவிட்டது.

நின்ற இடைவெளி வளரும் என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை சமையலறை மேசையிலிருந்து நாற்பது அடி தள்ளிப் போயிருந்தது. வியாழக்கிழமை அம்மா குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டுதான் தோசை கொண்டுவந்தாள். வந்து சேர்வதற்குள் தோசை ஆறிப்போனது. ராமிரோ அதற்கும் முய் பியென் என்றார்.

அம்மா பெயர் சாந்தாமணி. எந்தப் பாட்காஸ்டும் கேட்காதவள். மூன்று நாள் தோசை வார்த்துப் போட்டதிலேயே ஸ்பானிஷ் பேச ஆரம்பித்துவிட்டாள். ராமிரோவுக்கும் அவருடைய மச்சானுக்கும் எதனால் பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஏங்கண்ணு, ஒரு பேருதான. சொல்லிப்போடேன். பாவம், அந்த மனுசனுக்கு வேலை போயிரும்."

"நீயே சொல்லும்மா."

"சொல்லிப் பாத்துட்டேன். நான் சொன்னா செல்லாதாமா."

வெள்ளிக்கிழமை எனக்கும் நோட்டீஸ் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் பெயரை உரக்கச் சொல்லாவிட்டால் அது பயன்படுத்தப்படாத பெயராகக் கருதப்பட்டு, காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு வழங்கப்படும். 'அன்புடன்' என்று முடித்திருந்தார்கள்.

இடைவெளி அலுவலகம் காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிறது. மூவரும் போனோம். எழுத்தர் அம்மாள் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரர் மூன்று மணிக்குக் கடிகாரமாகியிருந்தார். பதவி உயர்வு என்றார்கள்.

ஆதார் அட்டையை நீட்டினேன். எழுத்தர் திருப்பித் தந்துவிட்டார். அது எழுத்தாம். எழுத்தை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமாம். பட்டச் சான்றிதழை நீட்டினேன்.

"கெமிஸ்ட்ரில முதல் வகுப்பு. இதுக்காச்சும் வாயத் தொறந்தீங்களா?"

தலையாட்டினேன்.

"தலையாட்டறதுக்கு எங்க ஃபாரத்துல கட்டமே இல்லீங்க."

பட்டியலில் முதல் ஆள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மிருதுளா, மிருதுளா என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். கணீரென்ற குரல். என் பெயர் என்னிடம் இருந்ததைவிட அவளிடம் நன்றாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இருபத்துமூன்று வருடத்தில் முதல்முறையாக அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

"நீங்க சொல்றாப்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க."

"சீக்கிரம் முடிவு பண்ணுங்க. நாளைக்கு எனக்கு இன்டர்வியூ. புதுப் பேருல போலாம்னு இருக்கேன்."

கேள்வி முதன்முதலில் கேட்கப்பட்ட இடத்தில்தான், அதாவது பஸ்ஸில்தான், பதில் சொல்ல வேண்டும் என்றார் எழுத்தர். கணபதி பஸ் நான்கு ஐம்பதுக்கு என்றும் அவரே சொன்னார். கடிகாரத்தை இடுக்கிக்கொண்டு கூடவே கிளம்பினார். பெஞ்சுக்காரியும் வந்தாள்.

பஸ்ஸில் ஐம்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். என் வழக்கமான இருக்கை காலியாக இருந்தது. அம்மா என் பையை வாங்கிக்கொண்டாள். ராமிரோ எதிரே நின்று தொண்டையைச் செருமினார்.

"கோமோ தே யாமாஸ்?"

இடைவெளி தொடங்கியது. பஸ் நீண்டது. டிரைவர் கடுகளவு தெரிந்தார். ஐம்பத்தெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கழுத்து தானாக ஆடத் தொடங்கியது. அம்மா இரண்டு கைகளாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுத்தரின் மடியில் கடிகாரம் ஒன்று அடித்தது. இரண்டு அடித்தது. பெஞ்சுக்காரி வாயைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டாள். மூன்று. அவள் மூச்சை இழுத்தாள். நான்கு.

"மே யாமோ மிருதுளா," என்றேன்.

பெரிய குரல் இல்லை. தண்ணீரில் மாத்திரை விழுந்த அளவுக்குத்தான் இருந்தது. பஸ்ஸுக்கு அது போதுமாக இருந்தது.

"மே யாமோ மிருதுளா," என்றார்கள் ஐம்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில். முன்கோடியில் இருந்த டிரைவரும் சொன்னார். அம்மாவும் சொன்னாள். பெஞ்சுக்காரி எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள்.

எழுத்தர் ஃபாரத்தில் ஏதோ எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார்.

"எல்லாத்துக்குமா இந்தப் பேரப் போட்டுர்றது?" என்று கடிகாரத்திடம் கேட்டார்.

கடிகாரம் ஐந்தாவது மணியை அடித்தது.

நிறுத்தம் வந்தது. யாரும் இறங்கவில்லை. அடுத்ததை நான் சொல்வதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு முதல் பாடம் மட்டும்தான் தெரியும். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன். ஐந்து வந்தது.

"முய் பியென்," என்றேன்.

எல்லோருக்கும் சந்தோஷம். ராமிரோ மட்டும் கேள்விக்குப் பிறகு வாயே திறந்திருக்கவில்லை. ஜன்னலோரமாக உட்கார்ந்து, என் இயர்போனைக் காதில் செருகியிருந்தார்.

தலையாட்டினார்.