விமலேஸ்வரி கொடுக்காத இரத்தம்

இளையதம்பி டெலிபோனை வைத்த வேகத்தில் மைப்போத்தல் கவிழ்ந்து, தந்திப் படிவங்கள் முழுவதும் நீலமாயின. வட்டக்கச்சி உப தபால் அதிபரான அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கள்ளனைப் பிடித்த சந்தோசம்.

"விமலா, இஞ்சை வாரும்!"

தபால் கந்தோரும் வீடும் ஒரே கூரைதான். ஏழு மாத வயிற்றைத் தாங்கியபடி குசினியிலிருந்து மனைவி விமலேஸ்வரி வந்தாள்.

"என்ன, திரும்பவும் கட்டிலை முற்றத்திலை போடவோ?"

போன மாதம் முல்லைத்தீவுத் தபால் கந்தோர் அல்பேர்ட் டெலிபோனில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சுகாதாரக் கந்தோர் கதைக்கிறம், நாளைக்கு நுளம்பு மருந்தடிக்க வாறம், சாமான் முழுக்க வெளியிலை இருக்கவேணும்" என்று சொல்ல, கட்டில், அலுமாரி, அம்மி வரை முற்றத்தில் பரப்பிவிட்டுப் பகல் முழுக்கக் காவலிருந்தவர் இவர். போனவர் வந்தவரெல்லாம், "அண்ணை, விக்கிறது வீட்டுச் சாமானையோ, வீட்டுக்காரரையோ?" என்று கேட்டார்கள். ஊரையெல்லாம் பகிடி பண்ணுகிற மனிசனுக்கு அது சின்ன அடியில்லை.

"இண்டைக்கு மலேரியாக் கந்தோராம். போன கிழமை எடுத்த இரத்தத்திலை எங்கள் இரண்டு பேருக்கும் மலேரியாவாம். மூக்கை விடு அல்பேர்ட், மூச்சு முட்டிச் சாகப்போறாய் எண்டு சொல்லி வைச்சிட்டன். எப்பிடிப் பிடிச்சன் தெரியுமோ? நீர் எப்ப இரத்தம் குடுத்தனீர்?"

"நான் குடுக்கேல்லை. அப்ப என்ர பேரிலை போனது ஆற்ற இரத்தம்?"

இளையதம்பி பெருமையோடு இடக்கைப் பெருவிரலைக் காட்டினார். ஒன்பது வருசத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை. அவளோ ஊசியைக் கண்டாலே மயங்குபவள். மலேரியாக் கந்தோரிலிருந்து இரத்தம் எடுக்க வந்த நடராசா தேத்தண்ணி குடித்த நேரத்தில், ஊசியையும் இரத்தம் தடவும் கண்ணாடித் துண்டையும் அவளுக்கென்று குசினிக்குள் கொண்டுபோய், அவளுக்கும் தெரியாமல் தன் விரலையே குத்தியிருந்தார்.

"வலக்கை என்ர பேரிலை, இடக்கை உம்மட..."

காட்டிய விரலை அவரே திருப்பிப் பார்த்தார்.

"ஒரு ஆளின்ர இரத்தமெண்டால் இரண்டு துண்டிலையும் ஒண்டுதானே இருக்கும்," என்றாள் விமலேஸ்வரி. "ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கிறியளே?"

"அது மழையிலை நனைஞ்சது."

"ஒருநாள் விட்டு ஒருநாள் மழை பெய்யிறது எந்த ஊரிலை?"

அவர் அல்பேர்ட்டுக்கு டெலிபோன் அடித்தார்.

"அந்தோனியாராணை நானில்லை, மச்சான்."

"போன முறையும் அந்தோனியாரைத்தானே இழுத்தனி?"

"அது வேற அந்தோனியார்."

இவனிடம் கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. தேடி வருகிற குரல் ஆருடையதாகவும் இருக்கலாம். தானே அந்தக் கந்தோரைக் கூப்பிட்டால் ஆள் மாறாது என்று அப்போதுதான் இளையதம்பிக்கு உறைத்தது. பதினெட்டு வருசம் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்து கண்டுபிடித்த ஞானம். கிளிநொச்சி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, மலேரியாக் கந்தோரைத் தரச் சொன்னார்.

"தம்பி, நான் வட்டக்கச்சித் தபால் கந்தோர்..."

"மூக்கை விட்டிட்டன் ஐயா, சொல்லுங்கோ," என்றது அதே குரல்.

இளையதம்பி அசடு வழிய மன்னிப்புக் கேட்டார். இரண்டு விரலும் தன்னுடையவை என்றும் சொன்னார். இன்றைக்கே நடராசாவிடம் குளிசை கொடுத்தனுப்புவதாகவும், நாள் தவறாமல் விழுங்கினால் மாறும் என்றும் அந்தத் தம்பி சொன்னான்.

அத்தோடு டெலிபோனை வைத்திருக்கலாம். வைக்க முடியவில்லை. விமலேஸ்வரி வயிற்றில் கையை வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த நேரத்துக்குப் பொருத்தமாக ஒரு பகிடியாவது வரும் என்று தேடினார், ஒன்றும் அகப்படவில்லை.

"தம்பி... என்ர மனிசி, அவாவுக்கும் இருக்கோ? பிள்ளைக்கு ஏதும்...?"

"தெரியாது ஐயா. அவான்ர விரலிலை எடுத்துப் பாத்தால்தான் தெரியும்."