மூன்றாவது பீப்பாய்

கனகாம்பாளின் தகரப் பெட்டி சைக்கா ரிக்‌ஷாவில் ஏறிய அந்தப் பொங்கல் காலையில், என் முக்காட்டுத் துணியின் முனையில் இரண்டு உருளைக்கிழங்குகளை முடிந்து வைத்திருந்தேன். இரண்டும் அவள் வீட்டுக் கிழங்குகள். நான் திருடியவை. திருட்டு என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். ஆனால் இதே காரியத்தை எதிர்வீட்டு வேலம்மா செய்திருந்தால் அந்த வார்த்தையை நான் மிங்கலா தாங்ஞுன்ட் சந்தைவரை கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். ஆகவே எனக்கும் அதுவே இருக்கட்டும்.

கனகாம்பாளின் வீட்டுக்காரர் அய்யாசாமி அண்ணன் ரயில்வேயில் சிக்னல் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு இழுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது என் கருத்து. முதல் வருடம் புறா வளர்த்தார். அவை பறந்துபோய் லத்தா பக்கம் யார் வீட்டிலோ குழம்பாயின. அடுத்த வருடம் ரேடியோ பழுது பார்த்தார். என் ரேடியோ இன்றுவரை இருமுகிறது. மூன்றாம் வருடம், அதாவது அந்தப் பெரும்புயல் அடித்த வருடம், உருளைக்கிழங்கு. ஷான் மலை வண்டியில் கார்டாக இருந்த தேவராஜ், அங்கே எல்லாரும் நட்டு முடித்து மிஞ்சிய விதைக்கிழங்கை ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கட்டிலுக்கடியில் பரப்பி, முளை கட்டும்வரை தினமும் குனிந்து குனிந்து பார்த்ததில் அக்டோபர் போய்விட்டது. மலைக்கிழங்கு ரங்கூன் சூட்டில், அதுவும் இவ்வளவு பிந்தி, எங்கே விளையப்போகிறது என்று ஜமாலின் டீக்கடையில் எல்லாரும் சொன்னார்கள்.

“பனியில வெளையும். தை பொறக்கையில புதுக்கெழங்கு. தோலு சிகரெட்டுத் தாளு மாதிரி இருக்கும் பாருங்க” என்றார் அண்ணன்.

அதுவரை யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கிழங்குக்கு ஆழமான மண் வேண்டும். தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் சந்தில் ஒரு சாண் தோண்டினால் சாக்கடை. கனகாம்பாள் நகருக்கு வெளியே லைங் தாயாவில் இருக்கும் மகள் ராதாவைப் பார்க்கப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டிலிருந்த இரண்டு நீலத் தண்ணீர்ப் பீப்பாய்களையும் ரம்பத்தால் நடுவில் அறுத்து, நான்காக்கி, மண் நிரப்பிவிட்டார்.

அந்தப் பீப்பாய்களை மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துவிடக் கூடாது. புயலுக்குப் பிறகு குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாத நாட்களில் எங்கள் சந்து மொத்தமும் குடித்தது அவற்றில் பிடித்த மழைத் தண்ணீரைத்தான். கனகாம்பாள் ஒரு தகரக் குவளையோடு காவல் நின்று வீட்டுக்கு இத்தனை என்று ஊற்றினாள். என் மருமகள் ருக்சார் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள் என்பதால் எங்களுக்கு மட்டும் ஒரு குவளை கூடுதல். அதை யாரிடமும் சொல்லாதே என்றாள். சொல்லாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டேன்.

திரும்பி வந்து பீப்பாய்களைப் பார்த்தவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூங்கில் பாய்ச்சுவர். காதை வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. வைத்தேன் என்பது வேறு.

“பொங்கலன்னைக்கு இதுல கெழங்கு இருக்கணும். இல்லைன்னா நான் ராதா வீட்டுக்குப் போறேன். அங்க எனக்கு ஒரு பாய் விரிக்க எடம் இருக்கு. திரும்பி வரமாட்டேன்” என்றாள். அதற்குப் பிறகு அவரோடு பேச்சில்லை. சோறு வைப்பாள். தட்டு தரையில் படும் சத்தத்திலேயே மிச்சமெல்லாம் இருக்கும்.

செடிகள் என்னவோ நன்றாகத்தான் வந்தன. முழங்கால் உயரம், கரும்பச்சை. பனி தொடங்கியதும் அண்ணன் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் முக்காலியில் பீப்பாய்களுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். சிக்னல் விழக் காத்திருக்கிறவர் மாதிரி. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில் இலைகள் மஞ்சளடித்தன. பிறகு தண்டே சாய்ந்து படுத்தது. எங்கள் சந்தில் ஒருவரும் பிறந்ததிலிருந்து உருளைச் செடியைக் கண்டதில்லை. செடி செத்துவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவள் நான். டீக்கடைக்கு அறிவித்தவளும் நானே.

“ஊ அய்யாசாமி, கெழங்கு எத்தன மணி வண்டியில வருது? இன்னைக்கும் லேட்டா?” என்று ஜமால் பர்மிய மரியாதை ‘ஊ’ போட்டுக் கேட்க, கடையே சிரித்தது. அந்த நகைச்சுவை என்னுடையது. ஜமாலுக்கு இரவல் கொடுத்திருந்தேன். அண்ணனும் சிரித்துவிட்டு டீயை முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார். அன்று மாலை கனகாம்பாள் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள்.

அவர் ஏன் தோண்டிப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். தோண்டாதவரை இல்லை என்று ஆகிவிடாதே. அந்த மட்டுக்கு அவருக்குப் புத்தி இருந்தது.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பொங்கலுக்கு முந்தின நாள் மதியம் இருவரும் வெளியே போனதும் கொல்லைப்பக்கமாகப் போனேன். சும்மா பார்க்கத்தான். முதல் பீப்பாயில் கைவிட்டேன்; வேர். இரண்டாவதில் மண்புழு, இறைவன் மன்னிக்க. மூன்றாவதில் மணிக்கட்டுவரை போனதும் விரலில் ஏதோ உருண்டது. கோழிக்கு அடியில் கைவிட்டு முட்டையைத் தொட்டதுபோல் வெதுவெதுப்பு. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் கீழே கொத்தாக. இரண்டை மட்டும் உருவிக்கொண்டு, மண்ணைத் தட்டிச் சமன்செய்து, வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்தினேன்.

அறுபது வயதில், முதன்முறையாக, என்னிடம் சொல்ல முடியாத ஒரு செய்தி. சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள். சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள். அவள் போனால் அந்த மூங்கில் சுவருக்கு அப்பால் அண்ணனின் இருமல் மட்டும்தான் மிஞ்சும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று ருக்சார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் கனகாம்பாள் பொங்கல் வைத்து, சாமி கும்பிட்டு, அவருக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டு, சைக்காவைக் கூப்பிட்டாள். பெட்டியும் ஏறியது.

“கனகாக்கா, கொஞ்சம் நில்லுங்க.”

“என்னடி பரீதா, வழியனுப்ப வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?”

“ரெண்டுக்குந்தான்” என்று வாய் முந்திக்கொண்டது. முடிச்சை அவிழ்த்தேன்.

அவள் கிழங்குகளைப் பார்த்தாள். பிறகு என்னை. “சந்தையில வாங்கியாந்து நாடகம் போடுறியா? அந்த மனுசன் சொல்லிக் குடுத்தாரா?”

பதில் சொல்லுமுன் அவள் கட்டைவிரல் கிழங்கின் மேல் தேய்த்தது. கோயில் அன்னதானத்துக்குச் சாக்குச் சாக்காகத் தோல் சீவிய விரல். தோல் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து நகத்தில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனாள்.

“எங்க எடுத்த?”

“மூணாவது பீப்பா. கொல்லைப்பக்கமா வந்து கைய விட்டேன்.”

“எப்ப?”

“நேத்து மத்தியானம்.”

“நேத்தா?” கனகாம்பாளின் வாய் பிளந்தது. “நேத்து மத்தியானத்துலருந்து நீ இத யாருகிட்டயும் சொல்லலையா? நீயா? அமலே!” என்று பர்மியத்தில் அம்மாடி போட்டாள்.

கிழங்கைவிட அதுதான் அவளுக்கு அதிசயமாக இருந்தது. எனக்கு ரோஷம் வரத்தான் செய்தது. ஆனால் ரோஷப்படும் நேரமில்லை.

குல்லாயோடு அண்ணன் வாசலுக்கு வந்தார். “பாயம்மா, செடி செத்துப்போச்சுன்னு நீங்கதானே ஜமால் கடையில...”

“செடி செத்தா கெழங்குமா சாகும்?” என்றேன், பிறந்ததிலிருந்தே அறிந்தவள் போல.

கனகாம்பாள் எங்கள் இருவரையும் பொருட்படுத்தவில்லை. பயணத்துக்குக் கட்டிய புடவையைத் தூக்கிச் செருகி, வளையல்களை முழங்கைக்கு மேல் ஏற்றி, மூன்றாவது பீப்பாய்க்கு முன்னால் மண்டியிட்டாள். கை உள்ளே போனது. மணிக்கட்டு, அரைக்கை, முழங்கை. போன கை நின்றது. அவள் முகத்தைப் பார்த்தபோதுதான், நேற்றிலிருந்து நான் பாதி மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

சைக்காக்காரர் மணியடித்து, போகலாமா என்று பர்மியத்தில் கேட்டார். பிறகு அவர் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார்.

“சும்மா நிக்காம அந்தக் குவளையக் கொண்டாங்க” என்றாள் கனகாம்பாள், மண்ணைப் பார்த்துக்கொண்டே.

அண்ணன் உள்ளே ஓடினார். தண்ணீர் அளந்த அதே தகரக் குவளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் குனிந்தார். முதல் கிழங்கு உள்ளே விழுந்தபோது ரயில் ஏதும் போகவில்லை. டங்கென்ற அந்தச் சத்தம் சந்தின் கடைசிவரை கேட்டது.