குமிழ் நின்ற இடம்

புற்றுநோய் சிகிச்சை முடிந்த நான்காவது வாரம் அக்கா அந்தப் பழைய பேஸ் கிட்டாரை வாங்கினாள். மருந்தில் அவளுடைய விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி மருத்துவமனையில் ஒரு ரப்பர் பந்து தந்தார்கள். இரண்டு நாள் பிசைந்துவிட்டுக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டாள். கல்லூரி நாட்களில் ஒரு குழுவில் பேஸ் வாசித்தவள் அவள். மெல்லிய கம்பி விரலுக்குத் தெரியாவிட்டாலும் தடித்த கம்பி தெரியும் என்பது அவள் நினைப்பு.

அடுத்த மாதம் முதல் தேதி வேலைக்குத் திரும்புவதாக இருந்தாள். இருபத்தாறு வருடமாக ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேச்சையும் இசையையும் சேர்த்துக் கலக்குகிற வேலை. அவளுடைய நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்காமல் முதலாளி காத்திருந்தார். ஒரு வருட ஊசிக்கும் வாந்திக்கும் நடுவில் அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த நாற்காலியைத்தான்.

கிட்டாரை விற்றவர் பயணிகள் கப்பலில் இசைக்குழுவில் வாசித்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏன் விற்கிறீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, "எனக்கும் என் முதுகுக்கும் ரொம்ப நாளா சண்டை. முதுகு ஜெயிச்சிருச்சு," என்றார். அக்கா நான்கு கம்பிகளையும் மீட்டிவிட்டு ஒலி மந்தமாக இருப்பதாகச் சொன்னாள். கம்பி பழசு, மாற்றினால் சரியாகிவிடும் என்றார் அவர். கீழே இறக்கிக்கொண்டு வருவதற்குள் என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

கம்பிகளை மாற்றினாள். மந்தம் போகவில்லை. கிட்டாரின் டோன் குமிழ் கெட்டிருக்கும் என்று நினைத்து, பழக்கமான மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதையும் மாற்றினாள். அப்போதும் கம்பளிக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறதாம். கிட்டாரை இணைக்கிற ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்பில், ஒலியைக் கூர்மையாக்குகிற ட்ரெபிள் குமிழை முழுக்க ஏற்றிவிட்டாள். நாளெல்லாம் கடையில் நின்றுவிட்டு வருகிற எனக்கு ஒவ்வொரு நோட்டும் தட்டில் கரண்டி விழுவதைப்போலப் பல்லில் இறங்கியது. இதில் எங்கே மந்தம் என்று புரியவில்லை. இசை தெரியாத காது, அப்படித்தான் இருக்கும் என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏமாற்றிவிட்டார் என்று கப்பல்காரரை போனில் வறுத்தெடுத்தாள். மறுநாள் மனிதர், கிட்டாரை ஆம்போடு இணைக்கிற வயரில்தான் கோளாறோ என்று தன் வயரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசித்த இரண்டாவது நோட்டிலேயே முகத்தைச் சுளித்து ட்ரெபிளைக் குறைத்தார்.

"பாத்தீங்களா, இப்பவும் அதே மாதிரிதான் இருக்கு," என்றாள் அக்கா.

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். வேண்டாமென்றால் எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். வாசல்வரை போன என்னிடம், "கிட்டார்ல ஒண்ணுமில்லம்மா," என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே.

அந்த மருந்து சிலருக்குக் காதைப் பாதிக்கும், கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும் என்று நாங்கள் ஆரம்பத்தில் கையெழுத்துப் போட்ட தாள்களில் எங்கோ இருந்தது. இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவே கூப்பிட்டாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பதுதான் பதினெட்டு வருடமாக என் பிழைப்பு.

"உன் கடையில கேக்கற மாதிரி என்னைக் கேளுடி. நான் சுவத்தப் பாத்துக்கிட்டு வாசிக்கறேன். நீ ஆம்புல ட்ரெபிளத் திருப்பு."

முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரே நோட்டை வாசித்தாள். குமிழை அடியில் வைத்து "இது ஒண்ணு" என்றேன். உச்சிக்குத் திருப்பினேன். எனக்குத் தாடை கூசியது. "இது ரெண்டு. எது ஷார்ப்?"

"ரெண்டு," என்றாள். சரிதான். அடுத்த தடவை தப்பு. மறுபடியும் தப்பு. பிறகு சரி.

பலகையில் உள்ள எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் ஊகித்துச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். பதிலுக்கு முன் ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள். அப்புறம் தேவைக்கு மேல் உறுதியாகச் சொல்வார்கள். அக்காவின் ஒவ்வொரு பதிலும் அப்படித்தான் வந்தது. கடையில் என்றால் அந்த இடத்தில் வேறு லென்ஸ் போடுவேன்.

"எத்தனை சரி?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"பத்துக்கு ஆறு."

"பூவா தலையா போட்டாலே அஞ்சு வந்திருக்கும்." கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தி ஒலியை நிறுத்தினாள். "உனக்கு எப்ப தெரியும்?"

"அவரு வந்துட்டுப் போன அன்னிக்கு."

"ரெண்டு நாளா வாய மூடிக்கிட்டு இருந்தியா? நீ இருக்கியே," என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மதியம் முதலாளிக்கு போன் செய்து வேறு ஆளை உட்கார வைக்கச் சொன்னாள். அவர் காரணம் கேட்டிருக்க வேண்டும். "காது போச்சு சார்," என்றாள், பால் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில். அவர் ஏதோ நிறையப் பேசினார். இவள் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டாள். போனை வைத்தபின் கொஞ்ச நேரம் அதன் மேலேயே கை இருந்தது. பிறகு கிட்டாரை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"இங்க வா. இனிமே உன் காதுதான். எங்க நல்லாருக்கோ அங்க நிறுத்து."

அவள் வாசித்தாள். நான் குனிந்து குமிழை மெல்ல இறக்கினேன். இடுப்பு வலித்தது. அன்று இருவருமே இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரு வருடமாக நான் ஒருநாளும் சரியாகத் தூங்கவில்லை. நடுவுக்குச் சற்றுக் கீழே எங்கோ கை நின்றது.

"அங்கயா?"

"ஆமாக்கா. நல்லாருக்கு."

லென்ஸில் புள்ளி வைக்கிற என் பேனாவால் அங்கே குறி போடச் சொன்னாள். நோய் திரும்பி வந்து அவள் இறந்துபோவதற்கு முந்தைய வாரம்வரை, ஏழு மாதம், அந்தப் புள்ளியிலிருந்து அவள் அதை நகர்த்தவேயில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "என் தங்கச்சி செட் பண்ணின டோன்," என்று சொல்லி வாசித்துக் காட்டினாள். அவர்களும் தலையாட்டினார்கள்.

எது நல்ல இடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று நான் மிகவும் களைத்திருந்தேன். கை நின்ற இடத்தில் விட்டுவிட்டேன்.