ரதி கேட்காத வரம்

மன்மதன் செத்து மூன்று நாளாகிவிட்டது. இன்று காலை பத்து மணிக்கு அவன் உயிரோடு எழும்ப வேண்டும். எழும்பக் கூடாது என்று அந்தத் தோட்டத்தில் ஒருத்தி மட்டும் வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் மன்மதனின் பெண்டாட்டி.

ரதி இல்லை, நிஜப் பெண்டாட்டி ஜீவராணி. லிந்துலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வருடா வருடம் காமன் கூத்து நடக்கும். சிவன் எரித்த மன்மதனை மூன்றாம் நாள் ரதி வரம் கேட்டு எழுப்புவாள். அவன் எழுந்தால்தான் வசந்தம் வரும் என்பது ஐதீகம். இந்த வருடம் மன்மதன் வேஷம் செல்லசாமிக்கு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரன். குடிப்பதிலும் அவனை அடிக்க ஆளில்லை. ஆனால் வேஷக்காரன் கையில் காப்புக் கட்டினால் கட்டியதுதான். சாராயம், கறி, கெட்ட வார்த்தை எதுவும் ஆகாது. மன்மதன் எழுந்த பிறகுதான் காப்பை அவிழ்ப்பார்கள்.

காப்புக் கட்டிய இந்தப் பதினாறு நாளில் ஜீவராணிக்குப் புதுப் புருஷன் ஒருவன் கிடைத்திருந்தான். வேலை விட்டதும் நேரே லயத்து வீட்டுக்கு வந்தான். ஒழுகுகிற தகரத்தை அடைத்தான். ஒரு நாள் அவள் கொழுந்துக் கூடையை இறக்கும்போது, "தோளு வலிக்குதா புள்ள?" என்று கேட்டே விட்டான். பதினோரு வருடத்தில் கேட்காத கேள்வி. "இல்லயே" என்று பொய் சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள்.

நேற்று அவன் கூட்டாளி துஷாந்த் சொன்னதை அவள் காதாலேயே கேட்டாள். "காப்பு அவுந்த கையோட கோயிலுக்குப் பின்னால வந்துரு மச்சான். போத்தல் ரெடி." செல்லசாமி எச்சிலை விழுங்கினான்.

ஜீவராணி நேரே ரதியிடம் போனாள். ரதி என்பது அவள் தம்பி ஜெயகாந்தன். ஆட்டோக்காரன். வேஷத்துக்காக ஆசை மீசையை எடுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தான். ரதிக்குக் கட்டும் சேலை அக்காவின் கல்யாணச் சேலை, இரவல்.

"சேல வேணுமா வேணாமாடா?"

"என்னக்கா, கடைசி நேரத்துல?"

"அப்ப நா சொல்றபடி செய்யி."

காலையில் மைதானம் நிறைந்துவிட்டது. நடுவில் வெள்ளைத் துணிக்குள் செல்லசாமி பிணமாகக் கிடந்தான். தப்பு முழங்கியது. சிவன் வேஷத்தில் பழனியாண்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பெண்ணே, வேண்டும் வரம் கேள்!" என்றார்.

ரதி கேட்கவில்லை. "ஒன்னும் வேணாஞ் சாமி" என்றாள்.

தப்பு நின்றது. சிவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வசனத்த மறந்துட்டியாடா?" என்று பல்லைக் கடித்தார்.

"மறக்கலங்க. உசுரோட எழும்புனா இவரு நேரா கோயிலுக்குப் பின்னாலதான் போவாரு. செத்துக் கெடக்கையிலதான் நல்லவரா இருக்காரு."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. துஷாந்த் மெல்ல நழுவினான். வெள்ளைத் துணி நெளிந்தது.

"டேய் மச்சான், எறும்பு கடிக்குதுடா! கேட்டுத் தொலடா!"

"செத்தவன் பேசக் கூடாது!" என்று சிவன் அதட்டினார்.

"காப்ப அவுக்காம எழுப்புங்க, கேக்குறேன்" என்றாள் ரதி. "அடுத்த வருஷக் கூத்து வரைக்கும் அது கையிலயே கெடக்கணும்."

அப்படியொரு வழக்கம் அந்தத் தோட்டத்திலேயே இல்லை. ஆனால் ஜீவராணி குலவையிட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இத்தனை பொம்பளைகளை எரிக்க நெற்றிக்கண் ஒன்று போதாது என்று பழனியாண்டிக்குப் புரிந்தது. "மன்மதா, சம்மதமா?" என்றார்.

துணிக்குள் சத்தமே இல்லை. ஜீவராணிக்கு விளையாட்டுப் போய்ப் பயம் வந்தது. ஊர் முன்னால் மாட்டேன் என்றுவிட்டால் பிறகு அவனை எந்தச் சாமியும் திருத்த முடியாது. கடைசியில் மஞ்சள் காப்புக் கட்டிய கை துணிக்கு வெளியே வந்தது.

"சரி" என்றான்.

பின்னேரம் அவன் லயத்து வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். எறும்புக் கடிக்கு அவள் எண்ணெய் தேய்த்தாள்.

"ஒன் வேலதானே?"

"ஆமாங்க. வெட்டுன செடியே மூனு மாசத்துல துளுக்குது. ஒங்களுக்கு ஒரு வருஷம் குடுத்திருக்கேன்."

அவன் கோயில் பக்கம் பார்த்தான். பிறகு காப்பைப் பார்த்தான். "அதுல இந்தப் பதினாறு நாள கழிச்சிட்டியா?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கழிச்சிருவோம்."

அவன் திரும்பினான். "அன்னைக்கு கேட்டேனே. தோளு நெசமா வலிக்கலயா?"

"வலிக்குதுங்க" என்றாள் ஜீவராணி. "ரொம்ப வருஷமா."

"தா" என்று எண்ணெய்ப் போத்தலை அவள் கையிலிருந்து வாங்கினான்.